மூடியைத் திறந்தால் புஸ்ஸென்கிறது: பழைய எம்எக்ஸ்-5 டாங்கியின் மூச்சடைப்பு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1990-களில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காடி ஒன்றைப் பழையதாக வாங்கி ஆறு மாதம் ஆகிறதாம். முழு டாங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டிக் கோப்பெங் பக்கம் போனால் காடி திணற ஆரம்பிக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. ஓரம் கட்டி இருபது நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. எண்ணெய் போட மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம். சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் வாடை வேறு. பம்பையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டார், பலன் இல்லை. இப்போது வொர்க்‌ஷாப்பில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்களாம். மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி, பையில் இருக்கும் வெள்ளி அங்கேயே இருக்கட்டும். முதலில் ஒன்று சொல்லுங்கள். காடி நின்றதும் இருபது நிமிடம் காத்திருந்தீர்களே, அப்போது டாங்கி மூடியைத் திறந்து பார்த்தீர்களா? உங்கள் கேள்வியில் அது மட்டும் இல்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் பால் டின்னைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள், எதிரெதிரே இரண்டு ஓட்டை போடுவார்கள். ஒன்றில் பால் இறங்கும், மற்றதில் காற்று ஏறும். ஒரே ஓட்டை போட்டால் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும். காடியின் டாங்கியும் அப்படித்தான். பம்ப் ஒரு லிட்டர் எடுத்தால் அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பெருகும்போது அந்த ஆவிக்கு வெளியே போக வழி வேண்டும். இந்த இரண்டில் எது அடைத்தாலும் மூடியைத் திறக்கும்போது சத்தம் வரும். நோய் இரண்டு, சத்தம் ஒன்று. அதனால்தான் பலர் குழம்புகிறார்கள்.

நான் இதைக் கற்றது ஸ்போர்ட்ஸ் காடியில் இல்லை. தோட்டத்து டிராக்டர் கொட்டகையில். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு வரும் டிராக்டர் ஒன்று தினமும் ஒரே மேட்டில் நின்றுவிடும். நான் ஃபில்டரைக் கழற்றுவேன், பம்பைக் கழற்றுவேன். ஒருநாள் பழைய ஃபோர்மன் வந்து, ஒன்றும் பேசாமல் டாங்கி மூடியைத் திருகித் திறந்தார், புஸ்ஸென்றது, டிராக்டர் கிளம்பிவிட்டது. மூடியில் இருந்த ஊசி முனையளவு ஓட்டையைச் செம்மண் அடைத்திருந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற மெஷினும் இப்படி அணைவதுண்டு. உங்கள் காடியில் அந்த ஓட்டைக்குப் பதில் நாலைந்து வால்வும் ஒரு கரிப்பெட்டியும் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் காடியில் டாங்கி சீட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையிலிருந்து ஆவிக் குழாய் கிளம்பும். காடி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியே ஓடாமல் தடுக்க ஒரு வால்வு. அப்புறம் இரு பக்கமும் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் இருவழி வால்வு. பிறகு காடியின் அடிவயிறு வழியாக முன்னால் போய், போனட்டுக்குக் கீழே இருக்கும் கரிப்பெட்டியில் முடியும். பெட்டிக்குள் செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) இருக்கும். ஆவியைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விடும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, பிடித்து வைத்த ஆவியை எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் உறிஞ்சி எரித்துவிடும். கலிஃபோர்னியாவில் 1970-ஆம் ஆண்டுக் காடிகளிலிருந்து இந்த ஏற்பாடு கட்டாயம் ஆனது, மறு ஆண்டு அமெரிக்கா முழுவதும். காற்று கெடக் கூடாது என்று வந்த சாமான் இது. ஆனால் டாங்கி மூச்சு விடுவதும் இன்று இதன் வழியாகத்தான்.

இப்போது உங்கள் காடி ஏன் கோப்பெங்கில் நிற்கிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து அங்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாலு லிட்டர் போயிருக்கும். டாங்கி, மாடலைப் பொறுத்து, 45 முதல் 48 லிட்டர் கொள்ளும். முழுதாக நிரப்பினாலும் மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் இருக்கும், ஆனால் அது சின்ன இடம். அந்தச் சின்ன இடத்திலிருந்து நாலு லிட்டர் பெட்ரோல் போய், காற்றும் வரவில்லை என்றால் உள்ளே பலமான இழுவை உண்டாகும். அதுவே பாதி டாங்கியில் கிளம்பியிருந்தால் மேலே இருபது லிட்டருக்கு மேல் காற்று இருக்கும், நாலு லிட்டர் குறைவது பெரிதாகத் தெரியாது. ஆகவே பாதி டாங்கியோடு அதே கோப்பெங்குக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் சந்தேகம் டாங்கியின் மூச்சு மேல் விழுகிறது. பம்ப் சூடாகி நின்றிருந்தால், எண்ணெய் குறையக் குறைய இன்னும் சீக்கிரம்தான் நிற்கும். பெட்ரோலில் மூழ்கியிருப்பதுதான் அதற்குக் குளிர்ச்சி.

பம்ப் மூன்று பார் அளவுக்குத் தள்ளுமே, இந்தச் சின்ன இழுவையா அதை நிறுத்தும் என்று கேட்பீர்கள். பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. கேமரன் மலையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது அல்லவா, மேலே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால்? டாங்கிக்குள் அழுத்தம் குறைந்தால் பெட்ரோலும் சீக்கிரம் கொதிக்கும். உங்கள் காடியில் எஞ்சினுக்குப் போய் மிச்சமான பெட்ரோல் சூடோடு டாங்கிக்குத் திரும்பி வருகிறது. சூடும் இழுவையும் சேர்ந்தால் பம்ப் வாயில் குமிழி கிளம்பும். குமிழியைப் பிடித்துப் பம்பால் தள்ள முடியாது. எஞ்சின் திணறும், நிற்கும். பம்பை மாற்றியும் குறையாததன் காரணம் இது. புதுப் பம்பும் அதே குமிழியைத்தான் குடிக்கிறது.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். இருபது நிமிடம் ஆறியதும் கிளம்புவது வேறு கோளாறுகளிலும் உண்டு. சூடானதும் மயங்கிப்போகும் ரிலே, இக்னைட்டர், கேம் சென்சார் போன்ற மின்சாரச் சாமான்கள் எல்லாம் இதே நாடகத்தை ஆடும். பிரித்துப் பார்க்க ஒரு வழிதான். காடி நின்ற அந்த நிமிடமே, ஆற விடாமல், ஓரம் கட்டி மூடியைத் திறந்து மூடிவிட்டுக் கிளப்புங்கள். உடனே கிளம்பி நல்லபடியாக ஓடினால் டாங்கியின் மூச்சு. மூடியைத் திறந்தும் கிளம்பாமல், ஆறிய பிறகுதான் கிளம்புகிறது என்றால் மின்சாரப் பக்கம் தேடுங்கள், கீழே நான் எழுதுவது உங்களுக்கு வேண்டியதில்லை.

திறக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடையில் கோப்பி கட்டித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மூடியைச் சுற்றித் தளர்வாகப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். பை உள்ளே ஒட்டிக்கொண்டால் டாங்கி இழுக்கிறது, காற்று போகவில்லை. பை உப்பினால் டாங்கி ஊதுகிறது, ஆவி வெளியேறவில்லை. நம் ஊர் வெயிலில் கொஞ்சம் உப்புவது சகஜம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பலமாக உள்ளே இழுப்பதுதான் கெட்ட அறிகுறி. காதை மட்டும் நம்பாதீர்கள். புஸ்ஸென்ற சத்தத்தில் போகிறதா வருகிறதா என்று எனக்கே பலமுறை தப்பியிருக்கிறது.

நேரத்தையும் குறித்து வையுங்கள். கொளுத்தும் மதியத்தில் ஆவி பெருகுவதால் உள்ளே இழுவை மறைந்து போகலாம். மாலையில் நல்ல மழை பிடித்து டாங்கி குளிர்ந்ததும் அதே காடி திணறும். 'மழையில்தான் நிற்கிறது' என்று ஒயரிங்கை உரித்துப் போட்டவர்களை நான் அறிவேன்.

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரனுக்குப் போய் வருபவர் என்றால் மலையே உங்களுக்குச் சோதனைக் கருவி. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிடச் சுமார் 15 கிலோபாஸ்கல் குறைவு. அடைத்த டாங்கி ஏறும்போது உப்பும், மேலே மூடியைத் திறந்து எண்ணெய் போட்டுவிட்டு இறங்கினால் சப்பளியும். 15 வேண்டாம், ஐந்து கிலோபாஸ்கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 50-க்கு 60 சென்டிமீட்டர் தகட்டின் மேல் அது 150 கிலோ எடையை வைத்தது போல. தகர டாங்கி உள்ளே குழிவதும் பிளாஸ்டிக் டாங்கி விரிசல் விடுவதும் இப்படித்தான். மலையிலிருந்து இறங்கும் வழியில் பின்னாலிருந்து 'டங்' என்று தகரச் சத்தம் கேட்டால் பேய் பிசாசு என்று நினைக்க வேண்டாம்.

சரி, இழுக்கிறது என்று உறுதியாகிவிட்டால் எங்கே அடைப்பு?

மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலான காடிகளில் மூடிக்குள்ளேயே ஒரு சின்ன வால்வு உண்டு. ஆவிக் குழாய் அடைத்தாலும் டாங்கி ஓரளவுக்கு மேல் இழுத்தால் அது திறந்து காற்றை விட்டுவிடும். ஆகவே காடி நிற்கும் அளவுக்குப் போகிறது என்றால் பொதுவாக இரண்டு இடத்தில் கோளாறு: குழாய் எங்கோ அடைத்திருக்கிறது, மூடியின் வால்வும் வேலை செய்யவில்லை. பழைய உரிமையாளர் ஹாஃப்-கட் கடையில், அதாவது பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் கடையில், கிடைத்த வேறு காடி மூடியைப் போட்டிருக்கலாம். திருகு பொருந்தும், வால்வு இருக்காது. உங்கள் மூடி இந்தக் காடிக்கு உரியதுதானா என்று பார்த்துவிட்டீர்களானால் பாதி வேலை முடிந்தது. ஆனால் புது மூடி போட்டுக் காடி ஓடிவிட்டது என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். குழாய் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது கரிப்பெட்டி. போனட்டைத் திறந்து, டாங்கியிலிருந்து வரும் குழாயைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, மூடியை இறுக்கி, அதே கோப்பெங்குக்கு ஒரு ஓட்டம். இது சோதனைக்கு மட்டும்; அந்தக் குழாய் வாயை எஞ்சின் சூட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அருகில் விடாமல், நீண்ட ஹோஸ் மாட்டிக் கீழே தள்ளி வைத்துவிட்டு ஓட்ட வேண்டும். டாங்கியில் முழுதாக எண்ணெய் இருக்கட்டும், விளிம்பு வரை வேண்டாம். கோளாறு போய்விட்டதா? அடைப்பு கரிப்பெட்டியில். போகவில்லையா? அடைப்பு பெட்டிக்கும் டாங்கிக்கும் நடுவே, இருவழி வால்விலோ, கவிழ்வு வால்விலோ, எங்கோ ஜாக்கி வைத்து நசுங்கிய குழாயிலோ. அந்தக் குழாயில் வாயால் ஊதியும் பார்க்கலாம், லேசாகக் காற்று போக வேண்டும். ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரை மட்டும் அதில் வைக்கவே கூடாது. டாங்கியைப் புகைவிட்டுச் சோதிக்கும் மெஷின்களே ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தண்ணீர் உயர அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. அது சோடா ஸ்ட்ராவில் ஊதுகிற பலம். கம்ப்ரெசர் டாங்கியைப் பலூனாக்கிவிடும்.

கரிப்பெட்டி அடைக்கக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். எண்ணெய் நிலையத்தில் நோசல் 'டக்'கென்று நின்ற பிறகும், கணக்கு ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் இரண்டு மூன்று தடவை அழுத்துகிறோம் இல்லையா, அந்தப் பெட்ரோல் ஆவிக் குழாய் வழியாகப் பெட்டிக்குள் இறங்குகிறது. கரி ஆவியைத் தாங்கும், பெட்ரோலில் ஊறினால் நொறுங்கித் தூளாகும். தூள் பர்ஜ் வால்வில் போய் மாட்டினால் அது மூடாது. பிறகு எண்ணெய் போட்டு முடித்ததும் எஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கும், ஐடிலிங் தள்ளாடும். பர்ஜ் வால்வைச் சோதிப்பது எளிது: கழற்றி ஊதினால் காற்று போகக் கூடாது, 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்'கென்று திறக்க வேண்டும். பெட்டியைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் அலம்பினாலோ, வாயிலிருந்து கறுப்புத் தூள் கொட்டினாலோ அதன் ஆயுள் முடிந்தது. கழுவிக் காய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. தோட்டத்து வீட்டு ஓரத்தில் பல மாதம் ஓடாமல் கிடந்த காடி என்றால், கரிப்பெட்டி வெளிக்காற்றை எடுக்கும் வாயைக் கண்டிப்பாகப் பாருங்கள். அந்த அளவு ஓட்டை குளவிக்கு ரொம்பப் பிடிக்கும். மண் கொண்டு வந்து பூசி, உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஒரு துண்டுக் கம்பியால் சுரண்டியதும் காய்ந்த செம்மண் உருண்டை விழுந்து, மூன்று மாதக் கோளாறு ஒரே நிமிடத்தில் தீர்ந்த காடியை நானே பார்த்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். மாஸ்டா நிறுவனம் 2011-இல் வட அமெரிக்காவில் மாஸ்டா 6 காடிகளை, 65,000 அளவில், திருப்பி அழைத்ததே ஒரு சிலந்தியால்தான். மஞ்சள் நிறச் சின்னச் சிலந்தி ஒன்று இதே ஆவிக் குழாயில் வலை பின்னியது. டாங்கிக்குள் அழுத்தம் மாறி விரிசல் விட்டுப் பெட்ரோல் கசியலாம் என்பதுதான் பயம். 2014-இல் அதே காரணத்துக்காக இன்னும் 42,000 காடிகள்.

கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வீட்டுக் கருவி சொல்கிறேன். பழைய மூடி ஒன்றில் காற்றுக் கசியாமல் ஒரு நிப்பிள் பொருத்துங்கள். இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை, மீன் தொட்டிக் கடையில் கிடைப்பது போதும், பலகையில் 'ப' எழுத்தைப்போல் வளைத்துக் கட்டி, ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைத் திறந்து விட்டு, பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நான் ரோஸ் சிராப் கொஞ்சம் கலப்பேன், தூரத்திலிருந்தே தெரியும். திறந்த வெளியில், முழு டாங்கியோடு, எஞ்சினை அரை மணி நேரம் ஓட விடுங்கள். நல்ல டாங்கியில் தண்ணீர் சில சென்டிமீட்டர் ஏறி இறங்கி நின்றுவிடும். அடைத்த டாங்கியில் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகும். இரு பக்கத்துக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததும் எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறங்கள். இல்லாவிட்டால் சிராப் டாங்கிக்குள் போய்விடும், அப்புறம் அது தனிக் கதை.

வாடைக்கு வருகிறேன். இரண்டு புகாரையும் ஒரே கோளாறு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். என் எண்ணம் வேறு. டாங்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் ஆவி ஏன் வெளியே வர வேண்டும்? உங்கள் காடியில் பம்பை மாற்றச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கித் தகட்டைத் திறப்பார்கள். பம்ப் தட்டின் காஸ்கெட்டைப் பழையதையே திரும்பப் போட்டிருந்தால், அல்லது ஹோஸ் கிளிப்பை இறுக்காமல் விட்டிருந்தால், எஞ்சின் நின்று காடி வெயிலில் காயும்போது ஆவி நேராக உங்கள் தலைக்குப் பின்னால் வரும். பம்ப் மாற்றிய பிறகு வாடை வந்ததா, முன்பே இருந்ததா? யோசித்துப் பாருங்கள். முன்பே இருந்தது என்றால், பின்னால் சாமான் வைக்கும் பூட் வழியாக டாங்கிக்குப் போகும் ஃபில்லர் ஹோஸைப் பாருங்கள். முப்பது வருட ரப்பர், வளைவில் வெடித்திருக்கும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மற்ற எதையும் தொடும் முன் இந்த வாடையைத் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படரும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். வீட்டு முன்வாசலில் காடியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கொசுவத்தி ஏற்றுவதும், ஊதுபத்தி கொளுத்துவதும் நம் வீடுகளில் வழக்கம். இந்தக் காடி சரியாகும் வரை அதை வெளியே நிறுத்துங்கள்.

'மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டு', 'மூடியில் ஓட்டை போடு' என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். டிராக்டருக்குச் சரி. இதில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பெட்ரோல் அலம்பி வெளியே வரும், மழைத் தண்ணீர் உள்ளே போகும், கவிழ்ந்தால் கவிழ்வு வால்வு இருந்தும் பயனில்லை. எங்கோ நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர மட்டும் மூடியை அவ்வப்போது திறந்து மூடிக்கொண்டு வரலாம்.

கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவரிடம் எந்தக் கோட், அதாவது காடியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண், வந்தது என்று கேளுங்கள். புதிய காடிகளில் பி0442 சின்னக் கசிவு, ஒரு மில்லிமீட்டர் ஓட்டை அளவு. பி0455 பெரிய கசிவு, முதலில் மூடியைப் பார்க்கச் சொல்வது. பி0446 காற்று வாய்ப் பக்கம். உங்கள் காடி அந்தக் காலத்து ஆள். விளக்குச் சிமிட்டிக் கோட் சொல்லும் வகையில் 26 என்று வந்தால் பர்ஜ் வால்வின் மின்சுற்று, அவ்வளவுதான். குழாயில் குளவிக்கூடு இருப்பதை அதனால் சொல்ல முடியாது. கோட் ஒன்றும் இல்லாமல் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால் வேறு வொர்க்‌ஷாப் பாருங்கள்.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள்: மூடியின் வால்வு, கரிப்பெட்டியின் காற்று வாய், பம்ப் தட்டின் காஸ்கெட். அப்புறம் முழு டாங்கியோடு கோப்பெங் வரை ஒரு ஓட்டம், கையில் கோப்பிப் பை. பை எந்தப் பக்கம் போனது, அப்போது மழையா வெயிலா, டாங்கியில் எவ்வளவு இருந்தது என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதற்கு மேல் நான் சொல்கிறேன்.